சுருக்குப் பைக்குள் ஒரு எட்டு

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

சென்னையில் ஒரு கல்லூரியின் இரண்டாவது மாடி, கணினித் துறையின் கடைசி அறை. ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் இங்கே உட்கார்ந்து ஃபைல்களைச் சுருக்குகிறார்கள். ஜிப் செய்வது நமக்கும் பழகிய வேலைதான். ஆனால் இவர்கள் சுருக்குகிற விதமே வேறு. ஒரு ஃபைலைக் கொடுத்தால், அந்த ஃபைலுக்கென்றே ஓர் இலக்கணம் எழுதுகிறார்கள். ஒரே ஒரு வாசகத்தை மட்டும் பிறப்பிக்கிற இலக்கணம் அது. அந்த வாசகம்தான் நீங்கள் கொடுத்த ஃபைல், எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி. ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், வேண்டும்போது முழுவதும் திரும்ப வந்துவிடும். இதைக் கேட்டதிலிருந்து இந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் குளிர் அடிக்கிறது. வெளியே சித்திரை வெயில், இங்கே ஒரு பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கையை உரசிக்கொண்டிருக்கிறாள். மேசைக்கடியில் ஒயர்கள் பின்னிக் கிடக்கின்றன. "அக்கா, அந்தக் கறுப்பு ஒயரை மட்டும் மிதிச்சுடாதீங்க. ராத்திரியிலேர்ந்து ஒரு மெஷின் ஓடிட்டிருக்கு" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. நான் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். நீங்களும் பார்த்து வாருங்கள்.

ஜன்னல் ஓரத்தில் காய்ந்துபோன டீ கிளாஸ்கள், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், யாரோ மறந்துவிட்டுப் போன ஹெல்மெட். எதிர்ச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. அதன் மூலையில் சிவப்பு மார்க்கரில் 8569/8568 என்று எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டிருக்கிறார்கள். கீழே பொடி எழுத்தில்: 'துடைப்பவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும்'.

அது என்ன எண் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், ஸ்வெட்டர் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே ஃபைலுக்குப் பல இலக்கணங்கள் எழுதலாமாம். அவற்றில் எது மிகச் சிறியதோ அதுதான் சிறந்த சுருக்கம். அதைக் கண்டுபிடிப்பது கணினிக்கே மலைப்பான வேலை என்பது முன்பே தெரிந்த சங்கதி. 'சரி, மிகச் சிறியது வேண்டாம், கிட்டத்தட்டச் சிறியது போதும்' என்று இறங்கி வந்தால்? சாரிகரும் அவரோடு சேர்ந்த ஆறு பேரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கும் கதவைச் சாத்தியது. மிகச் சிறியதைவிட எண்ணாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்குக்குள்தான் கூடுதல் இருக்கும் என்று எப்போதும் உறுதி தருகிற வேகமான வழி கிடையாது. இந்தத் துறையில் பெரும்பாலானோர் நம்புகிற ஒரு பெரிய கணிப்பு பொய்த்தால்தான் அது மாறும்.

"முடியாதுன்னு நிரூபிச்சிட்டாங்க அக்கா. அதனாலதான் எங்களுக்கு வேலை இருக்கு" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. இது இங்கே தினமும் ஓடுகிற வசனம் போலிருக்கிறது. பின்வரிசையில் ஹெட்போன் மாட்டியிருந்த தம்பிகூட, எதுவும் காதில் விழாமலேயே சரியான நேரத்தில் சிரித்தான்.

அந்தத் தம்பியின் மேசைக்குத்தான் அடுத்து போகிறோம். இன்றைய விருந்தே அங்கேதான்.

சின்ன வயதில் மிருதங்கம் படித்தவனாம். பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் திரையில் ஓடுவது சீக்விட்டர் என்கிற அல்காரிதம். "உங்களுக்காக ஒரு சொல்லுக்கட்டு போடுறேன்" என்று தட்டினான்: தகதிமி தகஜொணு தகதிமி தகஜொணு. எண்ணிப் பாருங்கள், 16 எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக உள்ளே தள்ளுகிறபடி அமைத்திருக்கிறான். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து.

சீக்விட்டருக்கு இரண்டே கட்டளைகள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எந்த ஜோடியும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் அதற்கு ஒரு விதி எழுதி, ஜோடி இருந்த இடத்தில் விதியின் எண்ணை வைத்துவிட வேண்டும். இரண்டாவது, எந்த விதியும் குறைந்தது இரண்டு இடத்திலாவது பயன்பட வேண்டும். இல்லையென்றால் அந்த விதியைக் கலைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மொழி தெரியாது, தாளம் தெரியாது, எதுவும் தெரியாது.

இப்போது திரையைப் பாருங்கள். த, க, தி, மி. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி த. க வந்து விழுந்ததும் பளிச்சென்று ஒரு பச்சை வரி: விதி 1, தக. முதல் குழந்தை பிறந்துவிட்டது! வரிசை இப்போது '1 தி மி 1' என்று குறுகிவிட்டது. பிறகு ஜொ, ணு. அடுத்து த, க, உடனே அது 1 ஆகிறது. அதன் பின் தி வந்ததோ இல்லையோ, '1 தி' இரண்டாவது முறையாகத் தென்பட்டுவிட்டது. விதி 2 பிறக்கிறது. மி வருகிறது. '2 மி' இரண்டு தடவை. விதி 3 பிறக்கிறது. ஆனால் விதி 2 இப்போது விதி 3-க்குள் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. சிவப்பில் மினுக்கிவிட்டு மறைந்தது.

"போச்சு!" என்று கத்தினான் தம்பி. ஓர் எழுத்து நேரம் உயிரோடு இருந்த விதி அது. அடுத்தடுத்து 3 போனது, 4 வந்தது. 4 போனது, 5 வந்தது. கடைசி ணு விழுந்ததும் 5-உம் போய் 6 வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடி, ஒவ்வொன்றும் மறையும்போது 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். முடிவில் நின்றவை இரண்டே விதிகள். 1 என்றால் தக. 6 என்றால் '1 தி மி 1 ஜொ ணு'. முழுப் பாட்டு? '6 6'. பதினாறு எழுத்து பத்தாகிவிட்டது.

மிருதங்க வாத்தியார் சொல்லித் தருகிற பிரிப்பும் இதுதானே! தக என்பது ஓர் அலகு, எட்டு எழுத்து ஓர் ஆவர்த்தனத் துண்டு, அதை இரண்டு முறை வாசி. அதை யாரும் இதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு ஜோடி திரும்ப வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவன் சலிக்காமல் போட்டான்.

இந்த அல்காரிதம் பிறந்த இடம் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரம், வைகாட்டோ பல்கலைக்கழகம். கிரெய்க் நெவில்-மானிங் அங்கே ஆய்வு மாணவராக இருந்தபோது, இயன் விட்டன் என்கிற பேராசிரியரோடு சேர்ந்து உருவாக்கியது. 1997-இல் அவர்களது கட்டுரை வெளிவந்தது. நெவில்-மானிங் பின்னாளில் கூகுளுக்குப் போய், நியூயார்க்கில் அதன் பொறியியல் அலுவலகத்தைத் தொடங்கிவைத்தார். அந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதி இந்த அறையில் இருக்கிறது. மூலை மடங்கி, டீ வட்டம் பதிந்து, ஓரங்களில் மூன்று வேறு கையெழுத்துகளில் குறிப்புகளோடு. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்கள்: பைபிளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் எழுத்துகள் கூடிச் சொற்களாகி, சொற்கள் கூடித் தொடர்களாகி, கிளை கிளையாக விரிகிறது படம். பாஹ் இசையமைத்த தேவாலயப் பாடல்களையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு பாடல்களுக்குப் பொதுவான சுரத் துண்டுகளை அது தானே கண்டுபிடித்திருக்கிறது. நம் மிருதங்கத் தம்பி பென்சிலை வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இந்த ஆய்வுக்கே வந்ததாகச் சொன்னான்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த மேசையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். விடிய விடிய விழித்தவர். காரணம், மூன்று 'அ'.

'அஅஅ' என்று ஒரு வரிசை வந்தால் 'அஅ' என்கிற ஜோடி எத்தனை? முதல் இரண்டு ஒரு ஜோடி, கடைசி இரண்டு இன்னொரு ஜோடி. ஆனால் நடு 'அ' இரண்டுக்கும் பொது. இரண்டு ஜோடியையும் மாற்ற முடியாது. மாற்றப் போனால் நடு எழுத்து அந்தரத்தில் நிற்கும். சீக்விட்டரைப் புதிதாக எழுதுகிற ஒவ்வொருவரும் விழுகிற பள்ளம் இது. இவருடைய நிரல் சாதாரணக் கட்டுரைகளை எல்லாம் ஒழுங்காகச் சுருக்கிவிட்டு, வரிசையாகக் கோடு போட்டிருந்த ஓர் அட்டவணை வந்ததும் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டதாம். "கோடு, கோடு, கோடுன்னு நாப்பது கோடு. அதுல மாட்டிக்கிச்சு" என்றார். முகத்தில் களைப்பு இருக்கிறது, குரலில் கோபமே இல்லை. இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த முறுக்கை எல்லோருக்கும் நீட்டினார்.

ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவது நிரலைத் தடுக்கி விழவைக்கிறது, ஆனால் சரியாகக் கையாண்டால் இந்த முறையின் பெரிய வெற்றியும் அங்கேதான். 1024 'அ' இருந்தால் பத்து விதி போதும்: இரண்டு, நான்கு, எட்டு என்று ஒவ்வொரு விதியும் முந்தையதை இரட்டிக்கும். 10,48,576 'அ' இருந்தால்? இருபது விதி. பலகையில் எழுதிக் காட்டியபோது கூட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன்.

கறுப்பு ஒயரின் மறுமுனைக்கு வந்துவிட்டோம். இந்த மெஷின்தான் இரவிலிருந்து ஓடுகிறது. விசிறிச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. இதில் ஓடுவது ரீ-பேர். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெஸ்பர் லார்சனும் மெல்போர்னைச் சேர்ந்த அலிஸ்டர் மொஃபாட்டும் 1999-இல் கொண்டுவந்தது. தரவுச் சுருக்கத்துக்கென்றே நடக்கும் மாநாடு அப்போதெல்லாம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்கிற பனிச்சறுக்கு ஊரில் கூடும். அங்கேதான் இது அரங்கேறியது. பனிமலையில் உட்கார்ந்து எழுத்து ஜோடிகளைப் பற்றிப் பேசுகிற ஒரு கூட்டம்! அங்கே ஒருநாள் போக வேண்டும் என்பது இந்த அறையில் பலரின் கனவு.

சீக்விட்டர் ஓர் எழுத்து வந்ததும் முடிவெடுக்கும். ரீ-பேருக்கு அந்த அவசரமில்லை. ஃபைல் முழுவதையும் முதலில் படித்து, எந்த ஜோடி எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது என்று எண்ணி, அதற்கு விதி எழுதி, மாற்றி, மறுபடி எண்ணி, மறுபடி எழுதும். இரண்டாம் முறை வருகிற ஜோடியே இல்லை என்றாகும்வரை ஓயாது. சுருக்கம் நன்றாக வரும், ஆனால் நினைவகத்தை விழுங்கும். அதனால்தான் விசிறி இப்படிக் கத்துகிறது. ஸ்வெட்டர் பெண் தனது மடிக்கணினியில் இதை ஓட்டிப் பார்த்தபோது அது அப்படியே உறைந்துவிட்டதாம். மேசை மேசையாக மாறியதில் அவளுக்கு இங்கே ஏசிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. ஸ்வெட்டருக்கான காரணம் இப்போது புரிகிறதா?

இன்றைக்கு இந்த மெஷினுக்கு உணவு தமிழ். நிறையத் தமிழ்க் கட்டுரைகளை ஒன்றாக்கிப் போட்டிருக்கிறார்கள். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் வழக்கமாக மூன்று பைட்டாகத்தான் சேமிக்கப்படும். மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள்தான். 'தமிழ்' என்கிற மூன்றெழுத்துச் சொல் உள்ளே ஐந்து குறி, 15 பைட். மெஷின் பார்ப்பது எழுத்தை அல்ல, அந்த எண்களை. எனவே அது கண்டுபிடித்த முதல் விதி என்ன தெரியுமா? 224, 174. அந்த ஜோடிதான் நம் உயிரெழுத்துகளுக்கும் மெய்களுக்கும் எல்லாம் தொடக்கம்! அது தமிழில் முதலில் கற்றுக்கொண்டது அந்த இரண்டு எண்களை. சீக்கிரமே புள்ளியைக் கண்டுகொண்டது. அப்புறம் 'க்க', 'த்த'. அப்புறம் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்: 'கள்' வந்தது, 'க்கு' வந்தது, 'ங்கள்' வந்தது, 'ப்பட்ட' வந்தது. பன்மை விகுதியும் நான்காம் வேற்றுமை உருபும் எண்ணிக்கையிலிருந்து எழுந்து வருகின்றன. பள்ளியில் தமிழையா பிரம்பை வைத்துக்கொண்டு பிரித்துக் காட்டிய அதே உறுப்புகள்.

இதே யோசனையை 1994 பிப்ரவரியிலேயே ஃபிலிப் கேஜ் என்பவர் ஒரு நிரலாளர் இதழில் எளிமையாக எழுதியிருந்தார், பைட் பேர் என்கோடிங் என்ற பெயரில். சுருக்கும் கருவியாக அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2016-இல் எடின்பரோவைச் சேர்ந்த சென்ரிச், ஹாடோ, பர்ச் ஆகிய மூவரும் அதை எடுத்து இயந்திர மொழிபெயர்ப்புக்குச் சொற்களைத் துண்டாக்கப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து அது இன்றைய செயற்கை அறிவு மொழி மாதிரிகளுக்குள் நுழைந்துவிட்டது. அவற்றில் பல, நாம் தட்டுகிற வாக்கியத்தை வாசிப்பதற்கு முன்னால் இப்படி ஜோடி சேர்த்த பட்டியலை வைத்துத்தான் நறுக்குகின்றன.

தினசரி ஜிப் வேலைக்கு இந்த இலக்கண முறைகள் போட்டியா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார்கள், தயங்காமல். வேகத்தில் பழைய முறைகள் முந்திவிடும். ஆனால் ஆயிரம் பேரின் மரபணு வரிசைகள் போல, ஒன்றையொன்று ஏறக்குறைய ஒத்திருக்கும் பெரிய தொகுப்புகளில் இவை பிரமாதப்படுத்தும். அதோடு, இலக்கணமாக வைத்திருப்பதை முழுக்க விரிக்காமலேயே அதற்குள் தேடலாம். என் தீர்ப்பைக் கேட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இரவு விழிப்பெல்லாம் தகும்.

கடைசிச் சோதனை இப்போது. சுருக்கிய ஃபைலை விரித்து, மூல ஃபைலோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் பைட் பைட்டாகப் பார்க்கிற ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம் இருந்தாலும் எங்கே என்று சொல்லும். எதுவும் இல்லையென்றால் எதுவும் சொல்லாது. கண் சிவந்தவர் கட்டளையைத் தட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். திரை ஒன்றும் சொல்லவில்லை! ஒரு பெரிய கைதட்டல். ஹெட்போன் தம்பி மேசையில் ஒரு தீர்மானமே வாசித்துவிட்டான்.

கிளம்பும்போது ஸ்வெட்டர் பெண் வாசல்வரை வந்தாள். "அக்கா, எழுதுறப்ப இதை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொன்னதை இங்கே வைக்கிறேன். ஜோடி எண்ணுகிற மெஷின் தன் முன்னால் இருப்பதைத்தான் எண்ணும். ஆங்கிலம் மலையாகவும் தமிழ் கைப்பிடியாகவும் இருந்தால், பட்டியலில் இடம்பிடிப்பது ஆங்கில ஜோடிகள்தான். தமிழ்ச் சொல் துண்டு துண்டாக உடைந்துதான் உள்ளே போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த தமிழோ மெஷினுக்குத் தமிழாகவே தெரியாது, வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உங்கள் வீட்டுக் கணினியில், சங்க அலுவலகத்தில், சிற்றிதழ்ப் பெட்டியில் அப்படி ஃபைல்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிப் பொதுவில் வையுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.